பாலத்துக்கு இந்தப் பக்கத்து முத்திரை

ஜனவரி 9

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் உன் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது. ‘உடனே’ என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறேன், பார்.

எனக்கு வந்தது போலவே உனக்கும் இருதயத்தில் மூன்று குழாயில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீ கையெழுத்துப் போடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறாயாம். உன் மகள் போனில் சொல்லி அழுகிறாள். ஐம்பத்தெட்டு வயதில் முரண்டு என்ன முரண்டு? எனக்கு அறுபத்து மூன்று. நெஞ்சைத் திறந்து தைத்து இன்றோடு நாலு வாரம். என்ன குறைந்துபோனேன்?

காலையில் கேன்வாஸ் ஷூவை மாட்டினேன் என்றால் மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி, ஒரே மூச்சில் இறங்குகிறேன். தெருமுனை, சலவைக்கடை, பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் தலைமைத் தபால் நிலையம். அங்கே போய்த் திரும்பினால்தான் எனக்கு டீ. இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியில்தான் விழப்போகிறது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிய டிரில் மாஸ்டரை ஒரு கத்தி என்ன செய்துவிடும்?

கையெழுத்தைப் போடு. மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பு தேறிவருவதைப் படித்து இரண்டு தரம் அழுதேன், ஒரு தரம் சிரித்தேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல். இங்கே மகள் சௌக்கியம். என்னைத்தான் ‘சௌக்கியம்’ என்று எழுத முடியவில்லை.

தபால் ஆபீஸில் லீவு போட்டாகிவிட்டது. கடிதம் பிரிக்கும் சார்ட்டிங் மேஜைக்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் நின்ற கால், இப்போது குளியலறை போய் வருவதற்குள் நாற்காலி தேடுகிறது. படியேறினால் இடது தோள் கனக்கிறது. கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது, அண்ணா. கத்திக்குப் பயமில்லை, மயக்கம் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வரும் நாட்களுக்குத்தான் பயம். என்னை ஒருத்தி குளிப்பாட்டி, ஒருத்தி எழுப்பி உட்காரவைத்து, நான் ஒரு மூட்டை போல ஆகிவிடுவேனோ என்று. மகள் வேலைக்குப் போகிறவள். அவள் தலையில் உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ பொய் சொல்லாமல் எழுது. நிஜமாகவே பாலம் தாண்டிப் போகிறாயா? எத்தனையாவது நாள் எழுந்தாய், எத்தனையாவது வாரம் என்ன செய்தாய், பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதிப்போடுவாயே, அது மாதிரி அட்டவணை போட்டு அனுப்பு. டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். உனக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று தெரிந்தால் போடுகிறேன் கையெழுத்து.

போன் செய்யாதே. போனில் இரண்டாவது நிமிஷம் நாம் சண்டை போடுவோம். எழுது. முப்பத்தொரு வருஷமாக ஊரார் கடிதத்தையே தொட்டவள், எனக்கென்று ஒன்று வரட்டும்.

உன் தங்கை
வாண்டு


ஜனவரி 28 (அனுப்பாத கடிதம்)

வாண்டு,

பொய் சொல்லாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசல்படியைத் தாண்டவில்லை. ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆகப்போகிறது. தினமும் ஐந்து நிமிஷம் நட, அப்புறம் பத்து, அப்புறம் இருபது என்று தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். காலையில் ஷூவை மாட்டிக்கொள்கிறேன். கதவைத் திறக்கிறேன். முதல் படியைப் பார்த்ததும் உள்ளே திடும் திடும் என்று அடிக்கிறது. அது எனக்குக் கேட்கிறது. கேட்கத் தொடங்கினால் அடுத்த அடி விழுமா என்று காத்துக்கொண்டே நிற்கிறேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஷூவோடு நாற்காலியில் உட்காருகிறேன். மத்தியானச் சாப்பாடுவரை ஷூ காலில்தான் இருக்கிறது. உன் அண்ணி ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கீழே பார்க்கில் நடக்கக் கூப்பிட வந்தார். நான் உள்ளறையில் போர்த்திக்கொண்டு படுத்தேன். “தூங்குறாரு”ன்னு அவள் சொன்னாள்.

மூச்சு வாங்குது சார் என்ற பிள்ளைகளிடம் “நடிக்காதே, ஓடு”ன்னு கத்தியவன் நான். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருஷம். இப்போது அவர்களில் ஒருத்தர் இந்த மாடிப்படியில் ஏறி வந்து என்னைப் பார்த்தால், நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் குறை ஒன்றுமில்லை என்கிறார். குழாய்கள் நன்றாக ஓடுகின்றன. ஓடாதது நான்தான்.

இதை உனக்கு அனுப்பினால் நீ கையெழுத்துப் போடமாட்டாய்.


ஜனவரி 28

அன்புள்ள வாண்டுக்கு,

கேட்டாயே, இதோ அட்டவணை. தூசி தட்டி எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம்: அறைக்குள் நடை. மூன்றாவது வாரம்: மாடிப்படி முழுக்க, கைப்பிடி இல்லாமல். நாலாவது வாரம்: பாலம். ஐந்தாவது வாரம் தண்ணீர்க்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போன இருபது லிட்டர் கேனை நானே தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். அண்ணி கூச்சல் போட்டாள். நான் காதில் வாங்கவில்லை. ஆறாவது வாரம்: காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பாலம். ஏழாவது வாரம், அதாவது இந்த வாரம், நடையை எட்டிப்போட ஆரம்பித்திருக்கிறேன்.

பொய்யா என்று கேட்கிறாய். உன் அண்ணன் எந்தப் போட்டியில் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன்? மூட்டையாவதெல்லாம் மனசில் தெம்பு இல்லாதவர்களுக்கு. நம் வீட்டு ரத்தம் அப்படி இல்லை.

தேதி குறித்துவிட்டு எழுது. உப்பைக் குறை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள், மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள். இதையும் பாலம் தாண்டித்தான் போடுகிறேன். நேரமாகிறது, நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உயிரோடு இருக்கிறேன்! பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் நடந்தது. இன்றோடு மூன்று வாரம். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நீங்கள் இருவரும் சுகமா?

அண்ணா, உன் அட்டவணை மட்டும் வரவில்லை என்றால் நான் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டேன். டாக்டரிடமே சொன்னேன். நெஞ்சு வலியோடு மாடிப்படியிலேயே முடிந்துபோயிருப்பேன். நீ கொடுத்த உயிர் இது.

சமையலறைச் சுவரில் மருத்துவமனைத் தாளை மகள் ஒட்டினாள். அதன்மேல் உன் கடிதத்தை நான் ஒட்டினேன். தாளில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறது. நீ செய்ததைப் பார்த்தபிறகு அதைப் படிக்க யாருக்குப் பொறுமை?

ஆனால் ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ மூன்றாவது வாரம் படி முழுக்க இறங்கியிருக்கிறாய். நான் இன்று எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேல்வீட்டுப் பெண் கைகொடுத்துத் தூக்கினாள். இத்தனைக்கும் எனக்கு உன்னைவிட ஐந்து வயது குறைவு. மகளிடம், “மாமா ரத்தம் வேற, என் ரத்தம் வேற போலிருக்கு”ன்னு சொன்னேன். அவள், “அம்மா, அவங்களுக்கு வேற, உங்களுக்கு வேற. தாளைப் பாருங்க”ங்கிறாள். அவள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். நாளைக்கு ஒன்பது படி.

உன் எட்டாவது வாரமும் ஒன்பதாவது வாரமும் எப்படி? எழுது, ஒட்ட இடம் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை
வாண்டு


மார்ச் 13

அன்புள்ள வாண்டுக்கு,

நீ பிழைத்து வந்ததை நான் சொன்னதும் அண்ணி விளக்கைக்கூட ஏற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நானும்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பாலம், டீ, பேப்பர். ஒன்பதாவது வாரத்தைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

என் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடேன். கறை பட்டுவிடும்.

அந்தக் கேன் பக்கம் மட்டும் நீ போகாதே. நான் முப்பத்திரண்டு வருஷம் மைதானத்தில் உழன்றவன், என் உடம்பு வேறு. நீ உட்கார்ந்தும் நின்றும் கடிதம் பிரித்தவள். அதெல்லாம் உன்னால் ஆகாது. நீ மெதுவாக அந்தத் தாளில் உள்ளபடியே செய்துகொண்டு போ. தாள் உன்னைப் போன்றவர்களுக்குத்தான் அச்சடித்தது.

உன் அண்ணன்


மார்ச் 27

மதிப்பிற்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும்,

அம்மாவால் எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், ஆபத்தைத் தாண்டிவிட்டார்கள். போனில் சொன்னால் நீங்கள் கிளம்பி ஓடி வந்துவிடுவீர்கள் என்று அம்மா போன் செய்யவிடவில்லை.

பத்தொன்பதாம் தேதி நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் கேன் பக்கத்தில் உருண்டு கிடந்தது. தரை முழுக்கத் தண்ணீர். “கேனைத் தூக்கினேன், நெஞ்சுக்குள்ள டக்குனு ஒரு சத்தம்”னாங்க. மூச்சு விடும்போதெல்லாம் எலும்பு அசைவது எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி திறந்தார்கள், மாமா. நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பி இரண்டு இடத்தில் அறுந்திருந்ததாம். இரண்டாவது தடவை என்பதால் புண்ணில் சீழும் வைத்துவிட்டது. நேற்றுத்தான் காய்ச்சல் விட்டது.

ஒன்று கேட்கவேண்டும். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அஞ்சு வாரத்தில் யாராவது கேன் தூக்குவாங்களா, யார் சொன்னதுன்னு கோபப்பட்டார். “எங்க மாமா தூக்கினாரே, அஞ்சாவது வாரம்”னேன். “உங்க மாமா பொய் சொல்றாரு”ன்னு எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், “எங்க மாமாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அவர் டிரில் மாஸ்டர், வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்லை”ன்னு சண்டை போட்டுவிட்டேன். நர்ஸ் வந்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாங்க.

நீங்கள் எப்படித் தூக்கினீர்கள், உங்கள் டாக்டர் என்ன அனுமதி கொடுத்தார் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவரிடம் காட்டவேண்டும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
மருமகள்


ஏப்ரல் 4

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். டாக்டரிடம் சண்டை வேண்டாம். அவர் படித்தவர். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

நாங்கள் சுகம்.

மாமா


மே 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானே எழுதுகிறேன். புண் ஆறிவிட்டது. எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து மகளை அண்ணிக்குப் போன் செய்யச் சொன்னேன். “சாப்பிடுறாரு, தூங்குறாரு, பேசுறதில்லை”ன்னாங்களாம்.

எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். நான் எழவில்லை. ஒரு தடவை நடந்து பார்த்தாகிவிட்டது, போதும் என்று இருக்கிறது. மகள் காலையில் செருப்பைக் கட்டிலருகே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து, வைத்த இடத்திலிருந்தே எடுத்து வைக்கிறாள்.

படுத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னேன். மகள் உறையோடு கொண்டுவந்தாள். ஊரார் உறையை முப்பத்தொரு வருஷம் பார்த்த கண், அண்ணா. உன் உறைகளை மட்டும் நான் பார்த்ததே இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்ற அவசரத்தில் பிரித்துவிட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நான்கு உறையையும் போர்வைமேல் வரிசையாக வைத்தேன். பாலம் தாண்டித் தலைமைத் தபால் நிலையத்தில் போட்டால் வட்ட முத்திரை விழும், நடுவில் மணியும் இருக்கும். உன் நான்கு உறையிலும் சதுர முத்திரை. உங்கள் தெருமுனைப் பெட்டிக் கடிதங்களை எடுக்கும் கிளை அலுவலகத்து முத்திரை. சார்ட்டிங் மேஜையில் நான்கையும் ஒரே அறையில் போடவேண்டியதுதான். பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டேன். கோபத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதை அனுப்பினால் நீ படித்துவிட்டு இன்னும் உள்ளே போய்ப் போர்த்திக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். கிழித்தேன்.

என் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். அன்று குடிக்கத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. குடத்தில் நிறைய இருந்தது. ‘உன்னால் ஆகாது’ என்று எழுதியிருந்தாயே, அதையும் சுவரில் ஒட்டி, பார்த்துக்கொண்டுதான் கேனைத் தூக்கினேன். சின்ன வயதில் ஓட்டப் பந்தயம் என்றால் உன் கூட்டாளிகள் எல்லாரும் ஓடுவீர்கள். “நீ வாண்டு, உன்னால முடியாது, கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு” என்பாய். நானும் நிற்பேன். யார் எத்தனை நொடி என்று சொல்வேன். ஐம்பது வருஷமாக அது எனக்குள் இருந்திருக்கிறது, அண்ணா. கேனைத் தூக்கி உனக்கு எழுதவேண்டும் என்றுதான் தூக்கினேன். கிழவி இதற்கா நெஞ்சைக் கிழித்துக்கொண்டாள் என்று யாராவது கேட்டால், ஆமாம், இதற்குத்தான்.

சமாதானம் சொல்லி எழுதாதே. நீ எங்கே நிற்கிறாய் என்று மட்டும் எழுது.

உன் தங்கை


ஜூன் 9

வாண்டு,

உன் முகத்தில் விழிக்கத் தகுதியில்லை. அதனால் ‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. நீ சுகமாக இருக்கவேண்டும்.

இதோடு ஒரு பழைய தாள் வைத்திருக்கிறேன், ஜனவரி 28 தேதி போட்டது. முதலில் அதைப் படி. அன்றைக்கு எழுதிய இரண்டில் எதை அனுப்பினேன் என்பது உன் சமையலறைச் சுவருக்குத் தெரியும்.

கேனை நான் தொடவே இல்லை. தண்ணீர்க்காரர் உள்ளே வந்து கவிழ்த்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில் நான் ஷூவைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது, கண்ணில் பட்டது அது. வேறு எது கண்ணில் பட்டிருந்தாலும் உன் எலும்பு இன்று முழுசாக இருக்கும்.

மார்ச்சில் உண்மையைச் சொல்ல ஒரு வழி இருந்தது. கேனைத் தொடாதே, நான் எழுதியது பொய் என்று எழுதியிருந்தால் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. என் பெருமையும் போகாமல் நீயும் தப்பிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு, உன்னால் ஆகாது என்று எழுதினேன். உன்னை அறுத்தது அதுதான் என்று இப்போது நீ சொல்கிறாய். அந்தக் கடிதத்தை அண்ணி படித்திருந்தால் அனுப்பவிட்டிருக்க மாட்டாள்.

என் கடிதங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. மருமகள் கடிதம் வந்த அன்று அதைச் சத்தமாகப் படித்தாள். ‘ஒரு பொய் சொன்னதில்லை’ என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொடுத்த இரண்டு வரிப் பதிலைப் போட்டுவிட்டு வந்து சொன்னாள், “இதுதான் கடைசி. இனிமே நீங்க எழுதினா நீங்களே போய்ப் போடுங்க. நான் போடமாட்டேன்.”

எட்டு வாரமாக வரி இல்லை என்கிறாய். ஆறு கடிதம் எழுதினேன், வாண்டு. ஆறும் மேஜைமேல் கிடக்கின்றன. தெருமுனைப் பெட்டி எங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிறது. அங்கே போக ஐம்பத்து நான்கு படி இறங்கவேண்டும். என்னால் முடியவில்லை. உன் நெஞ்சைக் கிழிக்கவைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க மூன்று மாடி இறங்க முடியாத ஆள் நான். இதைவிடக் கேவலம் எதுவும் எனக்குத் தெரியாது.

நேற்று உன் கடிதம் வந்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டாய். இரண்டாவது மாடித் திருப்பத்தில். அங்கே ஒரு ஜன்னல் திண்டு இருக்கிறது, நேற்றுச் சாயங்காலம் அதில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. உட்கார்ந்தே இருந்தேன். அடங்கியது. மேலே வந்துவிட்டேன். அண்ணி கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

இன்று இதை எடுத்துக்கொண்டு இறங்கப் போகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான். சதுர முத்திரைதான் விழும். இந்தத் தடவை அது பொய்யில்லை.

மருமகளிடம் நீயே சொல்லிவிடு. டாக்டரிடம் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டாம், நான் கேட்டு எழுதுகிறேன். முகவரி அனுப்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அன்புள்ள வாண்டுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கார்டும் வந்தன. வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகப் பதினொரு நிமிஷம் நடக்கிறாய் என்று படித்தேன். பதினொன்றோடு நிறுத்து. பன்னிரண்டை டாக்டர் சொல்லட்டும்.

அண்ணிக்கு முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி சுகம். ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் நடைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டேன். என்னைப் போல ஏழெட்டுப் பேர். எங்களை நடக்கவைக்கும் பெண்ணுக்கு உன் மகள் வயசுகூட இருக்காது. “மூச்சு வாங்கினா உடனே சொல்லுங்க, நிறுத்திடலாம்”ங்கிறாள். முதல் நாள் எல்லாரும் கை தூக்கினார்கள், நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். என் பக்கத்தில் வந்து, “சார், நடிக்காதீங்க”ன்னாள். அவளுக்கு என்ன தெரியும்! எனக்குக் காது வரைக்கும் சுட்டது. கையைத் தூக்கினேன்.

டாக்டர் பதில் போட்டிருக்கிறார். இரண்டே வரி. கண்ணியமான மனிதர். மருமகள் இன்னும் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஷூ அடிப்பக்கம் தேய்ந்துவிட்டது, வேறு வாங்கவேண்டும். சலவைக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததாம். வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். இந்தத் தடவை பொய்யில்லாமல் சுகம். அண்ணி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், நீயே கொடு.

இப்போதெல்லாம் உறையைப் பார்த்துவிட்டுத்தான் கிழிக்கிறேன். உன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் கண்ணாடியைத் தேடினேன். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். வட்டம். நடுவில் பதினொரு மணி.

அப்புறம்தான் உள்ளே படித்தேன். ஆட்டோ இருக்கிறது, சலவைக்கடை இருக்கிறது, தேய்ந்த ஷூ இருக்கிறது. பாலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு தடவை படித்தேன், இல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாய், வழியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டேன், அண்ணா.

மகள் வேலையிலிருந்து வந்ததும் உறையைக் காட்டினேன். எந்த முத்திரை எங்கே விழும் என்று அவளுக்கு முன்னமே சொல்லியிருக்கிறேன். வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளே பசை எடுத்துக்கொண்டு வந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மருத்துவமனைத் தாளுக்கு மேலே இல்லை, பக்கத்தில்.

நான் இன்று பன்னிரண்டு நிமிஷம். டாக்டர் சொல்லித்தான்.

உன் தங்கை
வாண்டு